திரைப்படமும் கிறிஸ்தவத் திறனாய்வும்

ஒரு கலைப்படைப்பைச் சமய நம்பிக்கையின் அளவுகோல் கொண்டு அளக்கலாமா என்னும் வினா மிகப் பழையது. அளக்கவே கூடாது, கலைக்குக் கலையே அளவு என்பார் ஒரு சாரார். மனிதன் எதைப் பார்த்தாலும் தன் நம்பிக்கையோடுதான் பார்க்கிறான். அதை வாயிலில் கழற்றி வைத்துவிட்டுக் கொட்டகைக்குள் நுழைய எவராலும் இயலாது என்பார் மறு சாரார். இவ்வினாவுக்கு ஏட்டளவில் மட்டும் விடை தேட வேண்டியதில்லை. திரைப்படம் என்னும் புதிய கலை தோன்றி வளர்ந்தபின், கிறிஸ்தவத் திருச்சபைகள் தம் மக்கள் பார்க்கும் படங்களை ஒவ்வொன்றாக எடுத்து மதிப்பிட முற்பட்டன. 1930களில் வலுப்பெற்ற அம்முயற்சி இன்றும் தொடர்கிறது. அதில் நேர்ந்த பிழைகளும், அப்பிழைகளால் கிடைத்த தெளிவும் கிறிஸ்தவர்க்கு மட்டுமன்றி, இலக்கியத்தை அறத்தோடு சேர்த்துக் கற்பிக்கும் எவர்க்கும் பயன்படுவன.

முதலில் ஓர் எடுத்துக்காட்டு. இத்தாலிய இயக்குநர் விட்டோரியோ தெ சீக்காவின் 'சைக்கிள் திருடர்கள்' 1948ஆம் ஆண்டில் வெளிவந்தது. போருக்குப் பிந்திய ரோம் நகரில் சுவரொட்டி ஒட்டும் வேலை பெற்ற ஓர் ஏழை, அவ்வேலைக்கு இன்றியமையாத சைக்கிளைப் பறிகொடுக்கிறான். சிறு மகனைக் கையில் பிடித்துக்கொண்டு நகரெங்கும் தேடுகிறான். இறுதியில் தானே ஒரு சைக்கிளைத் திருட முயன்று, மகன் கண்முன் பிடிபடுகிறான். இப்படம் அமெரிக்காவுக்கு வந்தபோது, அங்குள்ள படத்தொழிலின் ஒழுக்க விதி அலுவலகம் அதற்கு முத்திரை வழங்க மறுத்தது. காரணம் இரண்டு காட்சிகள்: சிறுவன் தெருச்சுவரின் ஓரம் சிறுநீர் கழிக்கத் திரும்பி நிற்பது ஒன்று, தந்தை திருடனைத் துரத்திக்கொண்டு விலைமாதர் வீட்டுக்குள் நுழைவது மற்றொன்று. தெ சீக்கா அவற்றை வெட்ட இசையவில்லை. பின்னர், 1995இல், திரைப்படக் கலையின் நூற்றாண்டை ஒட்டி வத்திக்கான் 45 சிறந்த படங்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. சமயம், மானிட விழுமியம், கலை என முப்பிரிவாக, பிரிவுக்குப் 15 படங்கள். விழுமியப் பிரிவில் 'சைக்கிள் திருடர்கள்' இடம்பெற்றது.

படம் மாறவில்லை, வேதமும் மாறவில்லை, பத்துக் கட்டளைகளும் மாறவில்லை. பார்க்கும் முறை மாறியது. எவ்வாறு மாறியது, மாறியதால் பெற்றது யாது, இழந்தது யாது என்பனவே ஈண்டு ஆராயத்தக்கவை.

உறுதிமொழியும் பட்டியலும்

மேற்சொன்ன ஒழுக்க விதிகளை அரசாங்கம் இயற்றவில்லை. ஹாலிவுட் படமுதலாளிகள் 1930ஆம் ஆண்டில் தாமே ஏற்றுக்கொண்ட விதிகள் அவை. அவற்றை வரைந்தவர்கள் இருவர்: சேசு சபைக் குருவாகிய டேனியல் லார்ட், கத்தோலிக்கப் பத்திரிகை வெளியீட்டாளராகிய மார்ட்டின் குவிக்லி. விதிகள் இருந்தும் முதல் நான்காண்டுகளில் அவற்றை மதித்தவர் சிலரே. பொருளாதார மந்தத்தால் கொட்டகைகள் வெறிச்சோடிக் கிடந்த காலம் அது. கூட்டம் சேர்க்கும் எதையும் முதலாளிகள் கைவிட விரும்பவில்லை.

இந்நிலையில் அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் 1933ஆம் ஆண்டின் இறுதியில் ஓர் இயக்கத்தைத் தொடங்கினர். 'லீஜியன் ஆஃப் டீசன்சி' என்பது அதன் பெயர். நல்லொழுக்கப் படை எனலாம். ஒழுக்கத்துக்கு மாறான படங்களைப் பார்ப்பதில்லை என்று 1934 முதல் மக்கள் இலட்சக்கணக்கில் உறுதிமொழி எடுத்தனர். கிறிஸ்தவத்தின் பிற சபையினரும் யூதர் சிலரும் அதற்குத் துணைநின்றனர். பிலடெல்பியாவின் கர்தினால் தம் மறைமாவட்ட மக்களை எல்லாப் படக்கொட்டகைகளையுமே புறக்கணிக்கப் பணித்தார். முதலாளிகள் அஞ்சினர். அதே ஆண்டில் விதி அலுவலகம் வலுப்பெற்றது. ஜோசப் பிரீன் என்னும் கத்தோலிக்கர் அதன் தலைவரானார். அலுவலகத்தின் முத்திரை இல்லாத படத்தை வெளியிடும் நிறுவனத்துக்கு 25,000 டாலர் தண்டம் என்று விதிக்கப்பட்டது.

ஒழுக்கப் படையின் கருவி, வகைப்படுத்தப்பட்ட பட்டியல். யாவரும் பார்க்கத்தக்கவை, வளர்ந்தோர் பார்க்கத்தக்கவை, ஓரளவு குறையுடையவை, முற்றும் கண்டிக்கத்தக்கவை எனப் படங்கள் பிரிக்கப்பட்டன. நியூயார்க்கில் கத்தோலிக்கக் கல்லூரிகளில் பயின்ற பெண்கள் படங்களை முன்கூட்டியே பார்த்து மதிப்பிட்டனர். பட்டியல்கள் கோயில் வாயில்களில் ஒட்டப்பட்டன, பத்திரிகைகளில் வெளிவந்தன. போப்பாண்டவர் 11ஆம் பத்திநாதர் 1936ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் வெளியிட்ட சுற்றுமடலில் இம்முயற்சியைப் பாராட்டி, ஒவ்வொரு நாட்டிலும் இத்தகைய அலுவலகம் அமையவேண்டும் என அறிவுறுத்தினார்.

இம்முறையில் நன்மை இல்லாமற் போகவில்லை. பிள்ளைகளை எந்தப் படத்துக்கு அனுப்பலாம் என அறியாது தவித்த பெற்றோர்க்குப் பட்டியல் கைகொடுத்தது. மக்களின் பொழுதுபோக்கை இலாபக்கணக்கு மட்டுமே ஆளக்கூடாது என்னும் கருத்து நிலைபெற்றது. ஆனால் குறையும் பெரிது. பட்டியலுக்குத் தெரிந்த கேள்வி ஒன்றே: இப்படத்தில் என்ன காட்டப்படுகிறது? எப்படிக் காட்டப்படுகிறது, எதற்காகக் காட்டப்படுகிறது என்னும் கேள்விகளை அது எழுப்பவில்லை. தீமை செய்தவன் இறுதிச் சுருளில் தண்டிக்கப்பட்டால் போதும் என்னும் வாய்பாடு உருவாயிற்று. ஒன்றரை மணி நேரம் தீமையைச் சுவைத்துவிட்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் அறம் உரைக்கும் படங்கள் முத்திரை பெற்றன. பசியால் திருடியவனின் அவமானத்தைக் கண்ணீரோடு காட்டிய படம் முத்திரை பெறவில்லை.

ஒரு படம், இரு தீர்ப்பு

பட்டியல் முறையின் எல்லையை வெளிப்படுத்திய பெரிய வழக்கு, இத்தாலியரான ரொபர்த்தோ ரோசெல்லினியின் 'அற்புதம்' என்னும் குறும்படத்தால் எழுந்தது. 1948இல் எடுக்கப்பட்ட இப்படம் 1950ஆம் ஆண்டு டிசம்பரில் நியூயார்க்கில் திரையிடப்பட்டது. ஆடு மேய்க்கும் பேதைப் பெண்ணொருத்தி, மலைவழியே வந்த ஒரு நாடோடியைப் புனித சூசையப்பர் என்று நம்புகிறாள். அவன் அவளுக்கு மது கொடுத்து மயக்கிவிட்டுப் போய்விடுகிறான். கருவுற்ற அவள், தன் வயிற்றில் வளர்வது தெய்வ அருளால் வந்த குழந்தை எனக் கருதுகிறாள். ஊரார் அவளை எள்ளி நகையாடி, தலையில் ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து ஊர்வலம் விடுகின்றனர். அவள் தப்பியோடி, மலைமேலுள்ள கோயிலின் அருகே தனியே பிள்ளை பெறுகிறாள்.

ஒழுக்கப் படை இதனைக் கண்டித்தது. கன்னிமரியாளின் மாண்பை இழிவுபடுத்தும் நிந்தனை என்று கர்தினால் ஸ்பெல்மன் 1951 ஜனவரியில் அறிக்கை விட்டார். பிப்ரவரியில் நியூயார்க் மாநில அதிகாரிகள் படத்தின் உரிமத்தை நீக்கினர். படத்தை வெளியிட்ட ஜோசப் பர்ஸ்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றார். திரைப்படமும் பேச்சுரிமையின் காப்புக்கு உரியது. சமய நிந்தனை என்னும் காரணத்துக்காக அரசு ஒரு படத்தைத் தடுத்தல் ஆகாது என 1952 மே 26ஆம் நாள் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சட்டத்தின் தீர்ப்பு ஒருபுறமிருக்க, திறனாய்வின் தீர்ப்பு யாதாயிருத்தல் வேண்டும்? கதைச் சுருக்கத்தை மட்டும் படிப்பவர்க்கு இது திருக்குடும்பத்தைக் கேலி செய்யும் கதையாகவே தோன்றும். படத்தை ஊன்றிப் பார்ப்பவர்க்கு வேறொன்று தெரியும். கேலி செய்வது படம் அன்று, ஊரார். முள்முடிக்குப் பதிலாகப் பாத்திரம் சூட்டப்பட்டு, துரத்தப்பட்டு, மலையேறும் அப்பெண்ணின் பக்கமே படக்கருவி நிற்கிறது. பாடுகளின் வரலாற்றை அறிந்த கிறிஸ்தவனுக்கு அக்காட்சி எதை நினைவூட்டும் என்பது சொல்லாமலே விளங்கும். அதே வேளையில், அன்று புண்பட்டவர்களின் உணர்வைப் பொய் எனத் தள்ளுவதும் நேர்மையாகாது. அவர்கள் போற்றிய ஒன்றைப் படம் தொட்டது உண்மை. தொட்டது இழிவுசெய்யவா, இரங்கவா என்பதுதான் வினா. அவ்வினாவுக்குக் கதைச் சுருக்கம் விடை தராது. காட்சிதான் விடை தரும்.

எலியா கசான் என்னும் இயக்குநரின் வரலாறும் இதனையே காட்டும். நியூயார்க் துறைமுகத் தொழிலாளரின் வாழ்வைக் கூறும் அவருடைய 'ஆன் தி வாட்டர்ஃபிரண்ட்' 1954இல் வெனிஸ் பட விழாவில் பன்னாட்டுக் கத்தோலிக்கத் திரைப்பட நிறுவனத்தின் பரிசைப் பெற்றது. இரண்டாண்டு கழித்து அவருடைய 'பேபி டால்' வந்தபோது, கர்தினால் ஸ்பெல்மன் தம் பேராலயப் பிரசங்க மேடையிலிருந்து அதைக் கண்டித்தார். அப்படத்தை அவர் பார்த்திருக்கவில்லை. பாராத படத்துக்குத் தீர்ப்பு வழங்குவது எளிது. அது எவரையும் திருத்துவதில்லை.

கண்டனத்திலிருந்து பாராட்டுக்கு

அமெரிக்காவில் பட்டியல் ஓங்கியிருந்த காலத்திலேயே ஐரோப்பாவில் வேறொரு வழி திறந்தது. மேலே கூறிய பன்னாட்டுக் கத்தோலிக்கத் திரைப்பட நிறுவனம் 1928ஆம் ஆண்டு ஹேக் நகரில் தோன்றியது. போருக்குப்பின் அது பட விழாக்களுக்குத் தன் நடுவர்களை அனுப்பிப் பரிசு வழங்கத் தொடங்கியது. தீய படத்தைத் தடுப்பதைவிட நல்ல படத்தைச் சுட்டிக்காட்டுவது மேல் என்பது அதன் அடிப்படை. களை பிடுங்குபவனும் உழவனே. ஆயினும் விதைப்பவன் இல்லாமல் விளைச்சல் இல்லை.

'ஆன் தி வாட்டர்ஃபிரண்ட்' படத்தைத் தேர்ந்ததில் அந்நடுவர் காட்டிய நோக்கு கருதற்பாலது. அப்படத்தில் குரு ஒருவர் வருகிறார் என்பதற்காகவே அது பாராட்டுக்கு உரியதாகிவிடாது. கப்பலின் அடித்தளத்தில் பாரம் விழச்செய்து கொல்லப்பட்ட தொழிலாளியின் உடலருகே நின்று அக்குரு பேசும் காட்சியே படத்தின் உயிர். கிறிஸ்து கல்வாரியில் மட்டும் சிலுவையில் அறையப்படவில்லை. ஏழைத் தொழிலாளி நீதிக்காக மடியும் இடமெல்லாம் கல்வாரியே என்பது அக்காட்சியின் பொருள். துறைமுகத் தொழிலாளரிடையே உண்மையிலேயே பணிபுரிந்த ஜான் கோரிடன் என்னும் சேசு சபைக் குருவை முன்மாதிரியாகக் கொண்டே அப்பாத்திரம் படைக்கப்பட்டது. கசான் 1952இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின்முன் தம் பழைய தோழர்களின் பெயர்களை வெளியிட்டவர். 'காட்டிக்கொடுத்தல்' என அக்குற்றத்தைத் தமக்குச் சாதகமாக்கவே இப்படத்தை எடுத்தார் என்ற குறையும் உண்டு. அதையும் எடைபோட்ட பின்னரே மனச்சாட்சியைப் பற்றிய படம் என்று இதனைப் போற்றவேண்டும். படைத்தவனின் பிழையை மறைத்துப் படைப்பைப் புகழ்வது திறனாய்வாகாது.

போப்பாண்டவர் 12ஆம் பத்திநாதர் 1955இல் திரைப்படத் துறையினர்க்கு ஆற்றிய இரு உரைகளில் 'சிறந்த திரைப்படம்' என்பதன் இலக்கணத்தை ஆராய்ந்தார். தீமையைக் காட்டுவது எப்போதும் தீமையாகாது. அதைப் போற்றாமல், வாழ்வைத் தெளிவுறுத்தும் பொருட்டுக் காட்டலாம் என்பது அவர் கொண்ட முடிவு. 1957இல் அவர் விடுத்த சுற்றுமடல் திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு, பார்ப்போரைப் பயிற்றுவிக்க வேண்டிய தேவையை வலியுறுத்தியது. அதே ஆண்டில் அமெரிக்கப் பட்டியலும் தன் வகைகளை விரித்தது. 1965இல் 'ஒழுக்கப் படை' என்னும் பெயரே கைவிடப்பட்டு, திரைப்படத்துக்கான தேசியக் கத்தோலிக்க அலுவலகம் என மாற்றப்பட்டது. படை அலுவலகமானது, 'பார்க்காதே' என்னும் கட்டளை 'எப்படிப் பார்ப்பது' என்னும் பாடமாக மாறத் தொடங்கியது.

வடிவமே பொருள்

இப்பாடத்தை ஆழமாகக் கற்பித்தவர்கள் பிரெஞ்சு நாட்டுத் திறனாய்வாளர்கள். அவர்களுள் தலையாயவர் ஆந்திரே பாசேன். கத்தோலிக்கராகிய இவர் 1951இல் தொடங்கிய 'காயே து சினிமா' என்னும் இதழின் நிறுவனர்களுள் ஒருவர். 1958இல் தம் 40ஆம் வயதில் மறைந்தார். ஒரு படம் சமயக் கதையைச் சொல்வதால் சமயப் படமாகிவிடாது, உலகை அது நோக்கும் முறையிலேயே அதன் உண்மை உள்ளது என்பது இவருடைய எழுத்துகளில் ஊடாடும் கருத்து.

ரொபேர் பிரெஸ்ஸோனின் 'நாட்டுப்புறக் குருவின் நாட்குறிப்பு' 1951இல் வந்தபோது பாசேன் அதைப் பற்றி விரிவாக எழுதினார். பெர்னானோஸ் என்பாரின் நாவல் அதற்கு மூலம். நோயுற்ற இளங்குரு ஒருவர், தம்மை விரும்பாத சிற்றூரில் தோல்வியுற்றவராகவே வாழ்ந்து இறக்கிறார். அற்புதம் எதுவும் நிகழவில்லை. வானிலிருந்து ஒளி இறங்கவில்லை. உணர்ச்சியைத் தூண்டும் நடிப்பும் இல்லை. ஒரு முகம், எழுதும் கை, நாட்குறிப்பைப் படிக்கும் குரல், இறுதியில் திரையில் ஒரு வெறுஞ்சிலுவை. அவ்வளவே. அருள் என்பது கண்ணுக்குத் தெரியாதது. ஆதலின் அதைக் காட்டாமல் விட்ட வெற்றிடத்திலேயே அதை உணரச்செய்தார் இயக்குநர். பக்திப் படம் என்ற பெயரில் மின்னும் ஒளிவட்டமும் முழங்கும் இசையும் செய்ய இயலாததை இந்த எளிமை செய்தது. 1995ஆம் ஆண்டின் வத்திக்கான் பட்டியலில் பிரெஸ்ஸோனின் படம் ஒன்றுகூட இல்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. எந்தப் பட்டியலும் முழுமையானது அன்று.

மறைத்த முகமும் காட்டிய முகமும்

கிறிஸ்துவையே திரையில் காட்டும் படங்களை எவ்வாறு மதிப்பிடுவது? இரு படங்களை ஒப்பிட்டால் இது விளங்கும்.

வில்லியம் வைலர் இயக்கிய 'பென்-ஹர்' 1959இல் வெளிவந்து 11 ஆஸ்கார் பரிசுகளைப் பெற்றது. தேரோட்டப் பந்தயத்துக்காகவே அதைப் பலர் நினைவில் வைத்துள்ளனர். ஆனால் கிறிஸ்தவத் திறனாய்வாளர் சுட்டும் இடம் வேறு. அடிமையாக இழுத்துச் செல்லப்படும் பென்-ஹருக்கு நாசரேத்தில் ஒருவர் தண்ணீர் கொடுக்கிறார். அவர் முகம் காட்டப்படவில்லை. தடுக்க வந்த உரோமப் படைவீரனின் முகமே காட்டப்படுகிறது. அதட்ட வந்தவன் அம்முகத்தைக் கண்டு தடுமாறிப் பின்வாங்குகிறான். பிற்பகுதியில் சிலுவை சுமந்து செல்பவருக்குப் பென்-ஹர் தண்ணீர் கொடுக்க முயல்கிறான். பெருஞ்செலவில் எடுத்த இந்த வணிகப் படம், தன்னுடைய மிக முக்கியமான பாத்திரத்தின் முகத்தை இறுதிவரை மறைத்தது. அந்த அடக்கமே அதன் சமய உணர்வு.

இதற்கு நேர்மாறானது பியெர் பாவ்லோ பசோலினியின் 'மத்தேயு நற்செய்தி'. பசோலினி மார்க்சியவாதி, சமய நம்பிக்கை இல்லாதவர். 1963இல் தம் குறும்படம் ஒன்றுக்காகச் சமயத்தை அவமதித்த குற்றத்துக்கு நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டவர். அவரே அடுத்த ஆண்டில், மத்தேயு எழுதிய நற்செய்தியின் சொற்களையே உரையாடலாகக் கொண்டு இப்படத்தை எடுத்து, மறைந்த போப்பாண்டவர் 23ஆம் அருளப்பரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். தென் இத்தாலியின் வறண்ட ஊர்களே அவருக்குப் பாலஸ்தீனமாயின. உழவரும் தொழிலாளரும் நடித்தனர். கிறிஸ்துவாக நடித்தவர் 19 வயது ஸ்பானிய மாணவர்; முதிய மரியாளாக நடித்தவர் பசோலினியின் சொந்தத் தாய். இங்குக் கிறிஸ்துவின் முகம் திரை முழுவதையும் நிறைக்கிறது. கோபமும் வேகமும் கொண்ட முகம். பாக்கின் இசையோடு, ஆப்பிரிக்கத் திருப்பலி இசையும் அமெரிக்க நீக்ரோ மக்களின் பக்திப் பாடலும் ஒலிக்கின்றன.

1964இல் வெனிஸ் விழாவில் கத்தோலிக்க நடுவர்கள் இதற்குப் பரிசு வழங்கினர். 2014இல் வத்திக்கான் நாளிதழே இயேசுவைப் பற்றிய சிறந்த படம் என இதனைக் குறிப்பிட்டது. இறைமறுப்பாளரின் கையிலிருந்து நற்செய்தியைப் பெற்றுக்கொள்ள ஒரு சமயத்துக்குத் துணிவு வேண்டும். அத்துணிவுக்கு விலையும் உண்டு. 1968இல் அதே பசோலினியின் 'தேற்றம்' என்னும் படத்துக்குக் கத்தோலிக்க நடுவர் பரிசு வழங்கியபோது வத்திக்கான் தரப்பிலிருந்தே கண்டனம் எழுந்தது. கண்டிப்பவன் தவறினால் நல்ல படம் ஒன்று மறைக்கப்படும். பாராட்டுபவன் தவறினால் நம்பியவர்கள் குழம்புவர். இரு தவறும் தவறே.

ஒரு விருந்தின் பொருள்

திறனாய்வு எவ்வாறு இயங்குகிறது என்பதைக் காண, டென்மார்க்கின் கப்ரியேல் ஆக்சல் 1987இல் இயக்கிய 'பாபெத்தின் விருந்து' ஏற்றது. கரென் பிளிக்சன் எழுதிய கதை அது. கடலோரச் சிற்றூரில், கண்டிப்பான சீர்திருத்தச் சபை ஒன்றை நிறுவிய போதகரின் இரு பெண்கள் மணம் செய்யாமல் முதுமை எய்தியுள்ளனர். 1871இல் பாரிஸ் கலவரத்துக்குத் தப்பிவந்த பாபெத் என்பவள் அவர்களுக்குச் சமையல் வேலை செய்கிறாள். பல்லாண்டுகளுக்குப்பின் அவளுக்குப் பரிசுச்சீட்டில் 10,000 பிராங்கு விழுகிறது. மறைந்த போதகரின் நூறாவது பிறந்தநாளுக்குத் தானே விருந்து சமைக்க அனுமதி வேண்டுகிறாள். சுவை என்பதே பாவம் என அஞ்சும் சபையார், உணவைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை எனத் தமக்குள் முடிவுசெய்துகொண்டு பந்தியில் அமர்கின்றனர். 12 பேர் உண்கின்றனர். பழைய பகைகள் கரைகின்றன. ஏமாற்றியவன் ஏமாந்தவனிடம் ஒப்புக்கொள்கிறான். விருந்து முடிந்தபின்தான் உண்மை வெளியாகிறது. பாபெத் பாரிஸின் புகழ்பெற்ற உணவகம் ஒன்றின் தலைமைச் சமையற்காரி. பரிசுப் பணம் முழுவதையும் அந்த ஒரு வேளை விருந்துக்கே செலவிட்டுவிட்டாள்.

பட்டியல் முறையில் இப்படத்தைப் பற்றிச் சொல்ல ஒரு வரி போதும்: ஆட்சேபிக்கத்தக்கது ஏதுமில்லை. திறனாய்வோ மேலும் கேட்கிறது. உண்டவர் தாம் உண்டது எதுவென அறியவில்லை. கொடுத்தவள் தன்னிடம் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. தகுதியைப் பார்த்துப் பரிமாறவும் இல்லை. அருள் என்று கிறிஸ்தவம் கூறுவது இதுவன்றோ? 12 பேர் அமர்ந்த பந்தி எதை நினைவூட்டுகிறது என்று எவரும் உரக்கச் சொல்லவில்லை. அதே நேரத்தில் படம் ஒரு சமயக் குழுவையே நயமாகக் கண்டிக்கிறது: உடலின் இன்பத்தை வெறுப்பதையே புனிதம் என எண்ணிய குழு அது. கான் பட விழாவின் கிறிஸ்தவ நடுவர் குழு இதனைச் சிறப்பாகக் குறிப்பிட்டது. பிற்காலத்தில் போப்பாண்டவர் பிரான்சிஸ் குடும்ப அன்பைப் பற்றி 2016இல் எழுதிய மடலிலும் இப்படம் இடம்பெற்றது.

இரு பிழைகள்

இத்தகைய திறனாய்வில் எளிதில் நேரும் பிழைகள் இரண்டு. முதலாவது, எங்கும் கிறிஸ்துவைத் தேடுதல். கதைத்தலைவன் கைகளை விரித்து நின்றால் சிலுவை. தண்ணீரில் மூழ்கி எழுந்தால் திருமுழுக்கு. இறந்து பிழைத்தால் உயிர்ப்பு. 1982இல் வந்த 'ஈ.டி.' படத்தில் வேற்றுலக உயிர் இறந்து, மீண்டும் உயிர்பெற்று, விண்ணுக்குச் செல்கிறது. ஒப்புமை இருப்பது உண்மை. ஆனால் ஒப்புமையைக் கண்டுபிடிப்பதோடு நின்றுவிட்டால் படத்தைப் பற்றி ஒன்றும் சொன்னதாகாது. தந்தை பிரிந்து சென்ற வீட்டில் தனிமையுறும் சிறுவனின் ஏக்கமே அப்படத்தின் நெஞ்சு. அதைக் காணாது குறியீடு மட்டும் எண்ணுவது, செய்யுளின் பொருளை விட்டு எதுகை மோனையை மட்டும் எண்ணுவது போன்றது.

இரண்டாவது, சமயப் படம் என்பதால் குற்றம் காணாது விடுதல். மெல் கிப்சனின் 'கிறிஸ்துவின் பாடுகள்' 2004இல் வெளிவந்தது. அரமேயம், இலத்தீன், எபிரேயம் ஆகிய பழைய மொழிகளில் பேசிய அப்படம் அமெரிக்காவில் மட்டும் 37 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. சபைகள் கூட்டம் கூட்டமாகச் சென்று பார்த்தன. பலர் கண்ணீர் விட்டனர். அந்தக் கண்ணீரை இகழ்வதற்கில்லை. எனினும் கிறிஸ்தவ அளவுகோலே அப்படத்திடம் கேட்கவேண்டிய கேள்விகள் உண்டு. கசையடியை அவ்வளவு நீட்டிக் காட்டியது இரக்கத்தை வளர்த்ததா, மரத்துப்போகச் செய்ததா? யூதக் குருக்களையும் கூட்டத்தையும் காட்டிய விதம் பழைய பகையைக் கிளறாதா? கிறிஸ்துவின் சாவுக்கு யூதர் அனைவரையும் பொறுப்பாக்குதல் தகாது என்று 1965ஆம் ஆண்டிலேயே இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் அறிவித்திருந்தது. பாடுகளின் நாடகங்களை மதிப்பிட அமெரிக்க ஆயர்கள் 1988இல் தனி நெறிமுறையே வகுத்திருந்தனர். எதிரியின் படத்தில் குற்றம் காண அறிவு போதும். தன்னவர் படத்தில் குற்றம் காண நேர்மை வேண்டும்.

அளவுகோல் யாது?

இன்று கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் பட விழாக்களில் ஒன்றாகவே நடுவராக அமர்கின்றனர். 1955இல் தோன்றிய சீர்திருத்தச் சபைகளின் 'இன்டர்ஃபிலிம்' அமைப்பும் கத்தோலிக்க நிறுவனமும் இணைந்து 1974 முதல் கான் விழாவில் பரிசு வழங்குகின்றன. கானில் அவர்களது முதற்பரிசு, ஜெர்மானிய இயக்குநர் பாஸ்பிண்டரின் 'பயம் ஆன்மாவைத் தின்னும்' என்னும் படத்துக்குச் சென்றது. வீடு துப்புரவு செய்யும் முதிய ஜெர்மன் விதவைக்கும், பிழைக்க வந்த மொரோக்கோ நாட்டு இளைஞனுக்கும் இடையே மலர்ந்த அன்பு. அதைப் பொறாத பிள்ளைகள், அயலார், கடைக்காரர். படத்தில் குருவும் இல்லை, செபமும் இல்லை. அந்நியனை ஏற்றுக்கொண்டாயா என்னும் கேள்வி மட்டும் இருக்கிறது. இறுதித் தீர்ப்பில் கேட்கப்படும் என மத்தேயு எழுதிவைத்த கேள்வி அதுவே.

வத்திக்கான் பட்டியலில் இடம்பெற்ற மற்றொரு படம் ஜப்பானிய இயக்குநர் கோன் இச்சிகாவாவின் 'பர்மிய யாழ்' (1956). போர் முடிந்தபின் நாடு திரும்ப வேண்டிய ஜப்பானியப் படைவீரன் ஒருவன், புதைப்பாரின்றிக் கிடக்கும் பிணங்களைக் கண்டு, புத்த துறவியாகி, அவற்றை அடக்கம் செய்யப் பர்மாவிலேயே தங்கிவிடுகிறான். துறவியின் உடையும் பௌத்தம், கடமையும் பௌத்தம். இறந்தோரை அடக்கம் செய்வது கிறிஸ்தவம் போற்றும் இரக்கச் செயல்களுள் ஒன்று. அதைப் பிறசமயத்தானின் கையில் கண்டபோதும் அதுவே எனத் தெரிந்துகொண்டது அப்பட்டியலின் பெருமை.

இத்தனை ஆண்டு வரலாற்றின் பயனாக நிற்கும் கேள்விகள் நான்கு. இப்படம் மனிதனை மனிதனாகக் காண்கிறதா, பொருளாகக் காண்கிறதா? தீமையைக் காட்டும்போது அதன் விலையையும் காட்டுகிறதா? மன்னிப்புக்கும் மாற்றத்துக்கும் அதில் இடம் உண்டா? சொல்லும் முறையும் சொல்லப்படும் பொருளும் ஒன்றுக்கொன்று உண்மையாய் உள்ளனவா? இவை கிறிஸ்தவத்தின் உள்ளிருந்து எழுந்தவை. ஆனால் கிறிஸ்தவர்க்கு மட்டும் உரியவை அல்ல. மாணவன் ஒருவன் தான் பார்த்த படத்தைப் பற்றி வகுப்பில் பேச எழும்போது, நல்லதா கெட்டதா எனக் கேட்டு அமரச்செய்வது எளிது. இந்நான்கில் ஒன்றைக் கேட்டு அவனைச் சிந்திக்கச் செய்வது அரிது.

பட்டியல் பிள்ளைக்குக் காவல். பார்வை வளர்ந்தவனுக்குக் கடமை. காவலையே கடமையெனக் கொண்டு பல ஆண்டுகள் ஒரு சமயம் நல்ல படங்கள் சிலவற்றை இழந்தது. சிறுநீர் கழிக்கத் திரும்பிய சிறுவனை மட்டுமே அன்று அதிகாரிகள் கண்டனர். அச்சிறுவன் படத்தின் இறுதியில், அவமானத்தால் குன்றிய தந்தையின் கையைத் தானே பற்றிக்கொண்டு நடக்கிறான். மன்னிப்பு என்பதைத் திரையில் அதைவிடத் தெளிவாகக் காட்டிய காட்சிகள் மிகச் சிலவே. அது தொடக்கத்திலிருந்தே அப்படத்தில் இருந்தது.